ஆச்சரியப்படும்படியாக நல்ல ஈரல்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து பதினாறு வருஷமாக ஒரு எழுத்துப்பிழைகூட வெளியே போனதில்லை. காரணம் டைப்பிஸ்டக்கா. நாற்பத்து மூன்று வயதுதான் ஆகிறது என்றாலும் எல்லோருக்கும் அவள் அக்கா. நிலையத்தை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது, அவருக்கும் அக்காதான். 'ஈசினோஃபில்' என்கிற ரத்த அணுவின் பெயரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். புள்ளி வைக்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து இரண்டு தடவை பார்ப்பாள். ஒரு புள்ளி இடம் மாறினால் நல்லா இருக்கிற மனுஷனைக் காகிதத்தில் சாகடித்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி தடம் புரண்டதற்கு எதிர்வரிசைக் கடைதான் காரணம். அங்கே புதிதாக ஒரு பரிசோதனை நிலையம் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்காருகிற இடத்தில் மீன் தொட்டி. போதாக்குறைக்கு, ரிப்போர்ட்டை போனில் அனுப்பும்போது கூடவே ஆங்கிலத்தில் நாலு வரி அன்பாக எழுதி அனுப்புகிறார்களாம்.

டாக்டரம்மா இதைக் கேள்விப்பட்ட அன்றே டைப்பிஸ்டக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நம்ம ரிப்போர்ட் போறதைப் பாத்தா கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கு. ஒரு வணக்கம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. இனிமே நீங்களும் ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. இங்கிலீஷ்ல. பாசமா."

"நானா?"

"பின்ன நானா? உள்ள மைக்ராஸ்கோப்பை யார் பாக்கிறது?"

டைப்பிஸ்டக்கா தன் மேஜைக்குத் திரும்பினாள். நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே அடிக்கிறவள்தான். ஆனால் அது அடுத்தவர் எழுதிய ஆங்கிலம். சொந்தமாக ஒரு வரி எழுது என்றால் கை கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மாடிப்படி ஏறினாள்.

மாடியில் அவள் புருஷனின் அக்கா குடியிருந்தாள். தன் வீட்டுக் கூடத்திலேயே 'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்' என்று வகுப்பு நடத்துகிறவள். முப்பது நாளில் சரளம் வராதவர்களுக்கு இன்னொரு முப்பது நாள் உண்டு. நாலு வருஷமாக வருகிற ஆட்களும் இருந்தார்கள்.

"அண்ணி, ரிப்போர்ட்டோட சேத்து அனுப்ப ரெண்டு வரி வேணும்."

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருஷத்தில் தம்பி பெண்டாட்டி தன்னிடம் ஆங்கிலம் கேட்பது இதுதான் முதல் தடவை. வெள்ளைப் பலகையைத் துடைத்தாள், மூன்று நிறப் பேனாவை எடுத்தாள்.

"இங்க பாரு. 'உங்கள் சிறுநீரகம் நன்றாக உள்ளது'ன்னு மொட்டையா எழுதினா அது இங்கிலீஷ் இல்ல, தந்தி. படிச்சவங்க வாக்கியத்தை வினையடை வெச்சுத்தான் ஆரம்பிப்பாங்க. 'லி'யில முடியுமே, அது. வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரி."

பலகையில் ஐந்தாறு வார்த்தைகளை எழுதினாள். டைப்பிஸ்டக்கா ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'ஹேப்பிலி' சின்னப் பிள்ளைத்தனமாக இருந்தது. 'ஃபார்ச்சுனேட்லி' என்றால் அதிர்ஷ்டவசமாக என்று அண்ணி சொன்னாள். நாம் சரியாகச் சோதித்துச் சொல்வதை அதிர்ஷ்டம் என்பதா? அது வேண்டாம். கடைசியில் இருந்தது 'சர்ப்ரைசிங்லி'. சொல்லும்போதே மூன்று பெட்டி ரயில் வளைந்து போகிற மாதிரி இருந்தது.

"இது நல்லா இருக்கு அண்ணி. ஆச்சரியம்தானே இது?"

"ஆச்சரியம்னா சந்தோஷம்தானே? பிறந்தநாளைக்கு சர்ப்ரைஸ் குடுக்கிறோமே, அழவா வைக்கிறோம்? எதிர்பாக்காத நேரத்துல பரிசு குடுக்கிறாப்ல. தாராளமா போடு."

அண்ணி சொன்னது அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. ரிப்போர்ட் என்பது நோயாளிக்கு நாம் தருகிற பரிசு, அதற்கு நாடா கட்டித் தருகிறது இந்த வார்த்தை. மறுநாள் காலையிலிருந்து நல்ல ரிப்போர்ட் எல்லாம் நாடா கட்டிக்கொண்டு கிளம்பின.

சர்ப்ரைசிங்லி, உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்கின்றன. சர்ப்ரைசிங்லி, உங்களுக்குச் சர்க்கரை இல்லை. சர்ப்ரைசிங்லி, உங்கள் ரத்தம் பி பாசிட்டிவ் வகை. கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த ஒரு தம்பதிக்குப் போனது இது: சர்ப்ரைசிங்லி, நீங்கள் தாயாகப் போகிறீர்கள். கீழே மறக்காமல், 'இப்படிக்கு அன்புடன்' என்று நிலையத்தின் பெயர்.

கெட்ட ரிப்போர்ட்டுக்கு மட்டும் அவள் அந்த வார்த்தையைப் போடவில்லை. கெட்ட சேதிக்கு எதற்குப் பரிசு நாடா? அந்த அளவுக்கு அவளுக்கு இங்கிதம் இருந்தது.

மூன்றே நாளில் நிலையத்தில் கூட்டம் அதிகமானது. சிறுநீரகக்காரர் திரும்ப வந்து, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க" என்றார். சர்க்கரை இல்லாதவர் மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து, மூன்று பேருக்கும் எல்லாச் சோதனையும் செய்யச் சொன்னார். பி பாசிட்டிவ்காரர் வந்ததுதான் விசித்திரம். மெதுவாகக் குனிந்து, "எங்க அப்பா என்ன வகைன்னு உங்ககிட்ட பழைய ரிக்கார்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். டைப்பிஸ்டக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரம்மாவோ கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா அக்கா, ரெண்டு வரி பாசத்துக்கு என்ன மதிப்புன்னு!" என்றார். அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுக்கிறவருக்கு மட்டும் இந்தப் பரபரப்பு எதிலும் மனம் இல்லை. ஐம்பது வயதுக்காரர். ஊசி குத்துவது தெரியாமல் குத்துவார் என்பதால் கொசு என்று பெயர், நேரில் கூப்பிட்டாலும் கோபப்படமாட்டார். அந்த வாரம் அவர் வேறொரு மயக்கத்தில் இருந்தார்.

"அக்கா, திங்கக்கிழமை ஒரு ஆளு வந்தாரு. வயசு ஐம்பத்தாறாம். சத்தியமா சொல்றேன், பாத்தா இருபத்தெட்டுதான் சொல்லுவீங்க. கையில நரம்பு ஒவ்வொண்ணும் கயிறு மாதிரி! என்ன சார் சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். காலையில அவிச்ச முட்டை ஆறு, தண்டால் நூறுன்னாரு. நானும் ஆரம்பிச்சுட்டேன்."

"எத்தனை தண்டால்?"

"நாலு. முட்டை ஆறு."

அந்த ஐம்பத்தாறு வயது வாலிபரின் ரிப்போர்ட்டும் டைப்பிஸ்டக்காவின் கைக்கு வந்தது. எண்கள் அத்தனையும் பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி கச்சிதம். முக்கியமாக ஈரல் சம்பந்தப்பட்ட எண்கள். அவள் மனம் குளிர்ந்து அடித்தாள்: சர்ப்ரைசிங்லி, உங்கள் ஈரல் மிக நல்ல நிலையில் உள்ளது. பதிவேட்டில் எழுதியிருந்த எண்ணுக்கு அனுப்பினாள்.

அது ரிப்போர்ட்டில் பெயர் இருந்தவரின் எண் இல்லை, அவர் மனைவியின் எண்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அம்மா நேரில் வந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தார். அவரைப் பார்த்ததும், உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தங்களை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலேயே அவர் கணவர் வந்தார். டிரைவிங் பள்ளியில் மாஸ்டர். வழுக்கை, கொஞ்சம் தொப்பை, சாந்தமான முகம். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவனோடு நெடுஞ்சாலையில் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை கொறிக்கிறவர் என்று பெயரெடுத்தவர். அன்று அந்த முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இதை அனுப்பினது யாரு?" போனை நீட்டினார் பரிசோதகர் அம்மா.

"நான்தான்மா." டைப்பிஸ்டக்கா சிரித்தபடி எழுந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

"ஈரல் நல்லா இருக்கு. சந்தோஷம். அது ஏன் ஆச்சரியம்?"

"புரியலைங்க."

"எனக்கும் அதான் புரியலை. கெட்டிருக்கணும், ஆனா கெடலைன்னுதானே இதுக்கு அர்த்தம்? கெட்டிருக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ரத்தத்துல என்ன பாத்தீங்க? வாடை அடிச்சுதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா! இது... பிறந்தநாளைக்குக் குடுப்போமே, அந்த மாதிரி..."

"இவருக்குப் பிறந்தநாள் போன மாசமே முடிஞ்சு போச்சு."

டைப்பிஸ்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிறுநீரகக்காரர் ஏன் திரும்ப வந்தார், பி பாசிட்டிவ்காரர் ஏன் அப்பாவைப் பற்றிக் கேட்டார் என்பதெல்லாம் மளமளவென்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தாயாகப் போகிறவளை நினைத்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பரிசோதகர் அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒருத்தன் மூஞ்சியைப் பாத்தாலே டிக்கெட் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவேன். இந்த மெசேஜ் வந்த நேரத்துலேருந்து உங்க மூஞ்சியில டிக்கெட் இல்ல. உண்மையைச் சொல்லுங்க. குடிக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்போ இதைக் காட்டினதும் ஏன் கை நடுங்குச்சு? ரிப்போர்ட் நல்லா வந்தா மனுஷன் சந்தோஷப்படுவானா, தண்ணி தண்ணின்னு ரெண்டு சொம்பு குடிப்பானா?"

"அம்மா, அவர் மேல எந்தத் தப்பும் இல்ல, நான்தான் இங்கிலீஷ் தெரியாம..." என்று டைப்பிஸ்டக்கா குறுக்கே புகுந்தாள்.

"நீங்க அவருக்குப் பரிஞ்சு பேசாதீங்க."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். ஊசித் தட்டோடு கொசுவும் வந்து நின்றார். அந்தத் தட்டைப் பார்த்தாரோ இல்லையோ, மாஸ்டர் சுவரோடு சாய்ந்துவிட்டார். டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார். "திங்கக்கிழமை வந்திருக்காரு. ஐம்பத்தாறு வயசு. கொசு, நீங்கதானே எடுத்தீங்க?"

கொசு பதிவேட்டைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார்.

"இவரு இல்லங்க."

"இவரு இல்லன்னா?"

"நான் எடுத்தது வேற ஆளு. கை இப்படி இருக்கும்." கொசு தன் கையை மடக்கிக் காட்டினார். நாலு நாள் தண்டாலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "அந்த ஆளைப் பாத்துத்தானே நான் முட்டையே ஆரம்பிச்சேன்!"

 உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் முறை வந்தும் எழுந்திருக்கவில்லை.

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அது என்கிட்ட வண்டி பழகுற பையன். ஜிம்முல பயிற்சி குடுக்கிறவன். எனக்கு ஊசின்னா ஆகாது. சின்ன வயசுலேருந்தே ஆகாது. டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு இவ பிடிவாதம், பயம்னு இவகிட்டச் சொன்னா சிரிப்பா. நாலு தடவை இந்த வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். அவன் பாத்துட்டு, 'கவலைப்படாதீங்க மாஸ்டர், நான் குடுக்கிறேன்'னான். ரெண்டு கிளாஸ் இலவசமா எடுத்தேன்."

"என்னது?" என்றார் மனைவி. இருபத்தொன்பது வருஷ வேலையில் எத்தனையோ சாக்குக் கேட்டவர். பர்ஸ் தொலைந்தது, டிக்கெட்டை ஆடு தின்றது, தம்பி அடுத்த பெட்டியில் இருக்கிறான். ஆள்மாறாட்டமாக ரத்தம் கொடுத்த கதையை அவர் கேட்டதே இல்லை. "லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஸ்டியரிங் தெரியாதவனை ஓட்டவிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கிற மனுஷன், இத்துனூண்டு ஊசிக்கா பயந்தீங்க?"

"வண்டியில என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. இதுல என்ன இருக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரிசோதகர் அம்மா சிரிக்கவில்லை.  கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கணவரின் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"காலையிலேருந்து இவரு ஒண்ணும் சாப்பிடலை, எடுங்க. நான் பிடிச்சுக்கிறேன். நீங்க என் மூஞ்சியைப் பாருங்க."

"உன் மூஞ்சி இன்னும் பயமா இருக்கு."

"அதுவும் நல்லதுதான். ஊசி மறந்துபோகும்."

கொசு தன் பெயருக்கு ஏற்றபடி வேலையை முடித்தார். மாஸ்டர், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டபோது குழாய் நிரம்பி மூடியும் போட்டாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த வாரம் போன மெசேஜ்களை முதலிலிருந்து படித்தார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார், அதுதான் தண்டனை. டைப்பிஸ்டக்கா கைகட்டி நின்றாள். தாயாகப் போகிறவளுக்கு அனுப்பியதைப் படிக்கும்போது டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. கோபத்திலா சிரிப்பிலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா, மொத்தம் முப்பத்தெட்டு பேர். ஒருத்தர் விடாம இன்னைக்கே போன் போட்டு மன்னிப்பு கேக்கிறீங்க. தமிழ்ல."

"என்னை வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?"

"எடுத்தா ஈசினோஃபில் யாரு அடிப்பா?" என்றார் டாக்டரம்மா. எழுந்து போகும்போது திரும்பி நின்றார். "படிக்காம விட்டது என் தப்பும்தான். அந்தப் பி பாசிட்டிவ்காரர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

மத்தியானம் முழுக்க அவள் போனிலேயே இருந்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒருவர், "நானும் சந்தோஷம்னுதான் நினைச்சேன், அப்போ இல்லையா?" என்று கவலைப்பட ஆரம்பித்தார். அவரைச் சமாதானப்படுத்தப் பத்து நிமிஷம் பிடித்தது. தாயாகப் போகிறவள் போனை எடுத்ததும் அழுதுவிடுவாளோ என்று பயந்தாள். அவளோ, "ஒன்பது வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கேன் அக்கா. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க, மாத்தவேண்டாம்" என்றாள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மாத்தக் கூடாது என்று சண்டையே போட்டார். எழுபத்து நாலு வயதில் தன் இதயம் நன்றாக இருப்பது ஆச்சரியம் என்று ஆய்வுக்கூடமே எழுதிக் கொடுத்திருக்கிறது, அதை மூன்று சம்பந்திகளுக்கும் அனுப்பியாகிவிட்டது, இப்போது வாபஸ் வாங்கினால் அவர் மரியாதை என்ன ஆவது?

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னாள். அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். பலகையைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள்.

"நீ வார்த்தைக்குப் பின்னால கமா போட்டியா?"

"போட்டேன் அண்ணி."

"அங்கதான் தப்பு நடந்திருக்கு" என்று முடித்துவிட்டு, அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் வகுப்பில், சர்ப்ரைஸ் வேறு, சர்ப்ரைசிங்லி வேறு என்று அவள் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியதாகக் கீழே கேட்டது.

சனிக்கிழமை மாஸ்டரின் உண்மையான ரிப்போர்ட் வந்தது. ஈரலில் கோளாறு இல்லை. சர்க்கரைதான், வெறும் வயிற்றிலேயே இருநூற்றுப் பதினெட்டு. டைப்பிஸ்டக்கா எண்ணை இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தாள். புள்ளி எதுவும் விட்டுப்போகவில்லை. அந்த இரண்டு சொம்புத் தண்ணீருக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இப்பவாவது தெரிஞ்சுது. இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா கண்ணு, காலுன்னு போயிருக்கும்" என்றார்.

எழுத உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. போனை எடுத்து, மாஸ்டரின் சொந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருந்ததால் அதற்கே கூப்பிட்டாள்.

"சார், ரத்தம் பாத்தாச்சு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. பயப்படாதீங்க. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு போதும்னு டாக்டர் சொல்றாங்க. திங்கக்கிழமை வந்து பாருங்க."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ வண்டியைத் தடக்கென்று நிறுத்தினார்கள்.

"ஊசி உண்டா?"

"இப்போதைக்கு மாத்திரைதான் சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு மட்டும் குத்தணும்."

பெருமூச்சு வந்தது. "என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களாம்மா?"

"இல்ல சார். அதை நீங்கதான் சொல்லணும்."

"நானும் அதான் நினைச்சேன்" என்றார் மாஸ்டர். "இன்னைக்கு அவ மூணு மணி ரயில்ல வர்றா. ஸ்டேஷனுக்கே போய்ச் சொல்லிடுறேன். பிளாட்பாரத்துல கூட்டமா இருக்கும், ரொம்பத் திட்டமாட்டா."

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் நாலு கிலோமீட்டர் அவரை நடத்தியே கூட்டிப்போனதாகப் பரிசோதகர் அம்மா டைப்பிஸ்டக்காவிடம் சொன்னார். வழி நெடுக, மூச்சு வாங்கிக்கொண்டே, முப்பது வருஷமாகச் சொல்லாத வேறு எதை எதையோ அவர் சொல்லிக்கொண்டு வந்தாராம். என்னென்ன என்று அந்த அம்மா சொல்லவில்லை, டைப்பிஸ்டக்காவும் கேட்கவில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் மாஸ்டர் தானாகவே எழுந்து, டாக்டரம்மாவின் அறைக்குள் முதல் ஆளாகப் போனார்.